கேத்தி பக்கம் ஒரு ஹோட்டல்: கண்ணாடியும் ஏசிபியும் கழுவ சதுர அடிக்கு என்ன போடலாம்?

மேட்டுப்பாளையம்_துப்புரவு

வணக்கம். கடைக் கண்ணாடி, ஷோரூம், இரண்டு மாடிக்குள் முடியும் வேலைகள்தான் இதுவரை எடுக்கிறோம். இப்போது ஊட்டி–குன்னூர் ரோட்டில் கேத்தி பக்கம் ஒரு ஹோட்டலில் வெளிப்புறம் முழுக்கக் கழுவக் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வருடம் இரண்டு.

டேப் பிடித்து எடுத்த அளவு இது. ரோட்டுப் பக்கமும் இரண்டு பக்கவாட்டும் அதிகபட்சம் 24 அடி உயரம். கண்ணாடி 5,200 சதுர அடி, ஏசிபி (சுவர் மேல் பதிக்கும் அலுமினிய ஷீட்) 3,840. பள்ளத்துப் பக்கம் (மேற்கு) 210 அடி நீளம், 46 அடி உயரம். கண்ணாடி 6,000, ஏசிபி 3,660. போர்ட்டிகோ மேல் பாலிகார்பனேட் கூரை 600. மொத்தம் 19,300.

பழைய கட்டடம். ஐந்து வருடம் முன்னால் ஏசிபியும் கண்ணாடியும் போட்டு முகப்பை மாற்றியிருக்கிறார்கள், அதற்கப்புறம் தண்ணீர் படவில்லை. வடக்குப் பக்கம் கருப்பாகப் பூஞ்சை, மற்ற இடங்களில் பச்சைப் பாசி. மாடிப்படிக் கண்ணாடியில் சிமெண்ட் தெறிப்பு. பள்ளத்துப் பக்கம் சுவர் முடிந்ததும் சரிவு, அதற்குக் கீழே யாரோ கேரட் போட்டிருக்கிறார்கள். மேலே தட்டையான கான்கிரீட் மொட்டை மாடி, பாரபெட் நாலரை அங்குலச் செங்கல்.

சதுர அடிக்கு 4 ரூபாய் என்று 77,200 போடலாம் என நினைக்கிறேன். ஆறு பேர், ஐந்து நாள். சரியா? பூம் லிஃப்ட் கோவையிலிருந்து ஏற்றலாமா? பாசிக்கு பிளீச்சிங் போதுமா?

ரெட்டைக்கயிறு

விலையை அப்புறம் பார்க்கலாம். மேற்குச் சுவரை எப்படித் தொடப் போறீங்க என்பதுதான் முதல் கேள்வி. மொத்தப் பரப்பில் பாதி அங்கேதான் இருக்கு.

பூம் லிஃப்ட் வேண்டாம். சாய்வு சில டிகிரி தாண்டினாலே அது அலாரம் அடிச்சு ஏற மறுக்கும், நீங்க சொல்ற இடத்தில் சமதரையே இல்லை. ரோட்டுப் பக்கம் நிறுத்தினால் கூரையைத் தாண்டிப் பின் சுவருக்குக் கை எட்டாது. ஏத்தி இறக்குற லாரி வாடகையே உங்க லாபத்தைத் தின்னுடும்.

சாரம் கட்டலாம், ஆனா சரிவில் அடித்தளம் வெட்டிப் பலகை போட்டுச் சமன் செய்யணும். 9,660 சதுர அடி சாரம் என்பது தனி வேலை. ஷீட் மாத்துறது, சிலிக்கான் புதுசா அடிக்கிறது எல்லாம் சேர்ந்து வந்தால் கட்டுப்படியாகும். கழுவ மட்டும் என்றால் ஆகாது.

நுனியில் பிரஷ் வச்ச, தண்ணீர் ஏறும் கார்பன் கம்பு 46 அடிக்கும் கிடைக்குது. ஆனா அதைப் பிடிக்கிறவன் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, சமதரையில் நிக்கணும். கேரட் பாத்திச் சரிவில் நின்று அவ்வளவு நீளக் கம்பை நிமிர்த்தினால் முதல் காத்துக்கே ஆள் சாய்வான்.

மிச்சம் கயிறுதான். ஆளுக்கு இரண்டு கயிறு, இரண்டும் தனித்தனி ஆங்கரில் (கயிறைக் கட்டுற பிடிப்பு). ஒன்றில் வேலை, மற்றதில் பேக்கப். பாரபெட்டில் எதையும் கட்டாதீங்க. நாலரை அங்குலச் சுவர் பக்கவாட்டு இழுப்புக்குக் கட்டினது இல்லை. வாட்டர் டேங்க் தூண், லிஃப்ட் ரூம் பீம் மாதிரி கான்கிரீட்டில் சுத்திப் போடலாம். கெமிக்கல் ஆங்கர் (துளை போட்டுப் பசையில் பதிக்கிறது) அடிச்சால் ஒவ்வொன்றும் 15 கிலோ நியூட்டன் தாங்கணும், அதாவது ஒன்றரை டன். பழைய கான்கிரீட் என்பதால் கட்டுமானப் பொறியாளர் பார்த்து, இழுப்புச் சோதனை செஞ்சு, எழுதிக் கொடுக்கணும். அந்தச் செலவு ஹோட்டலுடையது. ஆங்கர் அவங்க கட்டடத்தில்தான் இருக்கப் போகுது. கொட்டேஷனில் தனி வரியாப் போடுங்க.

பாரபெட் விளிம்பில் ரோலர் அல்லது தடிமனான எட்ஜ் புரொடெக்டர். ஏசிபி மடிப்பு முனை கயிறை ரம்பம் மாதிரி அறுக்கும். தொங்குறவன் மயங்கினால் மேலிருந்து இறக்கத் தெரிஞ்ச ஒருத்தர் முழு நேரமும் மாடியில் இருக்கணும், அவர் கையில் வைப்பர் இருக்கக் கூடாது. பாலிகார்பனேட் கூரை மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. வெயில் பட்ட ஷீட் எப்போ உடையும்னு தெரியாது. ஓரத்தில் நின்று கம்பில் மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

கணக்கு_நோட்டு

சதுர அடி விலை கடைசியில் வரவேண்டிய எண். அதில் தொடங்கினால் மலை வேலையில் எப்போதும் நஷ்டம். நாளைக் கணக்கிட்டு அப்புறம் பரப்பால் வகுங்கள்.

மேற்குச் சுவர்: கயிற்றில் தொங்குபவருக்கு இரு பக்கமும் கை எட்டுவது சேர்த்து 7 அடி. 210 அடிக்கு 30 டிராப் (மேலிருந்து கீழ் வரை ஒரு இறக்கம் ஒரு டிராப்). முதல் கழுவலுக்கு, கயிறு மாற்றுவதையும் சேர்த்து, டிராப்புக்கு ஒன்றரை மணி நேரம். மலையில் உருப்படியான வேலை நேரம் காலை ஒன்பதரை முதல் மூன்றரை வரை, ஆறு மணி நேரம். ஆளுக்கு 4 டிராப், இரண்டு பேருக்கு 8. ஆக 4 நாள். அதற்கு முன் பாசி மருந்து அடிக்க டிராப்புக்கு 20–25 நிமிடம் வீதம் ஒரு நாள். மொத்தம் 5.

மற்ற மூன்று பக்கம் தரையில் நின்று கம்பு பிரஷ். ஐந்து வருட அழுக்குக்குக் கண்ணாடி மணிக்கு 250 சதுர அடி, ஏசிபி 200 என்று வையுங்கள். 21 மணி, 19 மணி, சேர்த்து 40 ஆள்மணி. இரண்டு பேர் ஐந்து நாளில் 60 ஆள்மணி தருவார்கள். மிச்சம் இருக்கும் 20 மணிதான் மருந்து அடிக்க, பாலிகார்பனேட்டுக்கு, சிமெண்ட் தெறிப்புக்கு.

வேலை 5 நாள்; முன்னால் ஒரு நாள் ஆங்கர் பார்க்க, தார்பாய் கட்ட; பின்னால் ஒரு நாள் மழைக்கும் மூடுபனிக்கும். கூலி கொடுக்கும் நாள் 7. இந்த இரண்டு நாளை விட்டுவிட்டுத்தான் எல்லாரும் 5 நாள் என்று எழுதுகிறார்கள்.

கீழே இருக்கும் சம்பளம் உதாரணத்துக்கு, உங்கள் ஆட்களின் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கயிறு மேற்பார்வையாளர் 3,500
கயிறு ஆட்கள் 2 × 2,000 = 4,000
கம்பு ஆட்கள் 2 × 1,100 = 2,200
கீழ் ஆள் 900
ஒரு நாள் 10,600. ஏழு நாள் 74,200

சாப்பாட்டு பேட்டா ஆளுக்கு 350: 14,700
தங்க இரண்டு ரூம், 1,500 வீதம்: 21,000
வண்டி, டீசல்: 9,000
கயிறு, ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பெல்ட்) தேய்மானம்: 6,000
மருந்து, சோப், ரெசின் (தண்ணீரில் உப்பை எடுக்க): 8,000
காப்பீட்டுப் பங்கு: 5,000

கூட்டினால் 1,37,900. அலுவலகச் செலவு 12 சதவீதம் சேர்த்தால் சுமார் 1,54,450. அதன் மேல் 20 சதவீதம் லாபம்: 1,85,300. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. 19,300-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 9 ரூபாய் 60 காசு.

நீங்கள் சொன்ன 77,200-இல் கூலி கொடுத்து மிஞ்சுவது 3,000 ரூபாய். டீசலுக்கே பத்தாது.

ஹோட்டலில் ஊழியர் விடுதியும் சாப்பாடும் கொடுத்தால் 35,700 குறையும். அதைத் தள்ளுபடி என்று சொல்லாமல் தனி வரியாகக் காட்டிக் கழியுங்கள். விலை பேசும்போது நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். நாளிலும் ஆளிலும் கை வைக்காதீர்கள்.

பாசிமருந்து

பிளீச்சிங், ஹைப்போகுளோரைட் இரண்டும் அங்கே வேண்டாம். ஏசிபியின் வெட்டு முனையில் அலுமினியம் பெயிண்ட் இல்லாமல் வெளியே தெரியும். குளோரின் அங்கே அரிக்கும். ஸ்க்ரூ, கீல், கைப்பிடி எல்லாம் புள்ளி விழும். கீழே கேரட் வேறு.

பாசிக்கு பென்சால்கோனியம் குளோரைடு போடுங்க, 50 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். ஒரு பங்கு மருந்துக்கு 49 பங்கு தண்ணீர், அப்போது 1 சதவீதம். ஏசிபி 7,500 சதுர அடி என்பது ஏறக்குறைய 700 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 மில்லி வீதம் 70 லிட்டர் கரைசல். மூல மருந்து ஒன்றரை லிட்டர்கூடத் தேவைப்படாது. குறைந்த அழுத்தத் தெளிப்பான், சுவர் ஈரமாகி வழியாமல் நிற்க வேண்டும், வழிந்தால் வீண். காய்ந்த சுவரில்தான் அடிக்கணும். மேற்குச் சுவரில் பனி ஈரம் 11 மணி வரைக்கும் நிற்கும், அதனால் மருந்து நாள் மட்டும் தாமதமாகத் தொடங்குங்க. மறுநாள் கழுவலாம். சோடா, சோப்பு எதோடும் இந்த மருந்தைக் கலக்காதீங்க, செத்துப்போகும்.

இது நீர்வாழ் உயிருக்கு விஷம். ஓடைக்கோ பாத்திக்கோ போகக் கூடாது. சுவர் அடியில் தார்பாயை வாய்க்கால் மாதிரி மடித்துக் கட்டி, டிரம்மில் பிடிக்கணும். கேரட்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்க. அறுவடை முடிந்த இடைவெளி கிடைத்தால் இன்னும் நல்லது.

கருப்புக் கறை முதல் நாளே முழுக்கப் போகாது. பூஞ்சை சாகும், கறை மழையிலும் வெயிலிலும் வாரக்கணக்கில் மங்கும். இதை எழுதிக் கொடுக்காமல் வேலையைத் தொடங்கினால் பில்லை நிறுத்தி வைப்பார்கள்.

கழுவ நடுநிலை சோப், பிஎச் 6 முதல் 8 வரை. பிரஷர் வாஷரைத் தொடாதீங்க. இணைப்புச் சிலிக்கானைக் கிளப்பும், ஷீட்டுக்குப் பின்னால் தண்ணீர் போகும், இரண்டு நாள் கழித்து ரூம் சீலிங்கில் வட்டம் விழும். பெட்ரோல் மிஷின் என்றால் இன்னொன்று: 2,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிசு, எஞ்சின் சக்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஜெனரேட்டரும் அப்படியே. கோவையில் ஓட்டிப் பார்த்த லோடு அங்கே ஓடாது.

இணைப்புகளிலிருந்து கீழ்நோக்கிக் கோடுகோடாக அழுக்கு இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் கசிவு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாதி, தண்ணீர் பாதி போட்டுத் துடைத்தால் ஓரளவு போகும், சில மாதத்தில் திரும்ப வரும். உத்தரவாதத்தில் சேர்க்காதீங்க.

சிமெண்ட் தெறிப்புக்கு பிளேடு எடுப்பதற்கு முன் கண்ணாடியைப் பாருங்க. சில பிரதிபலிப்புக் கண்ணாடியில் பூச்சு வெளிப்பக்கமே இருக்கும், ஒரு இழுப்பில் உரிந்துவிடும். செல்போன் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் பிரதிபலிப்பில் புள்ளிகள் தெரியும், ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இருக்கு. வெளியே நீங்க நிற்கும்போது முதல் புள்ளியே நிறம் மாறினால் பிளேடை உறையில் போடுங்க. டஃபன்ட் கண்ணாடியிலும் (சூளையில் சூடாக்கி உறுதியாக்கியது) சூளைத் தூசி ஒட்டியிருந்தால் பிளேடு அதை இழுத்துக் கோடு போடும். ஒரு மூலையில் ஒரு அடிக்கு ஒரு அடி சோதனை, மேனேஜர் கையெழுத்து, அப்புறம் மீதி. உப்புக்கறைக்கு என்று கடையில் தரும் ஹைட்ரோஃபுளோரிக் கலந்த திரவம் கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். கயிற்றில் தொங்குபவர் கையில் அது இருக்கவே கூடாது.

தண்ணீர்: டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்பின் அளவைக் காட்டும்) வைத்துப் பாருங்க. ஓடை, நகராட்சிக் குழாய் என்றால் மலையில் பொதுவாகக் குறைவு. 60 பிபிஎம் என்று வைத்தால், மொத்த வேலைக்கு 4,000 லிட்டரில் 240 கிராம் உப்பு. கலப்பு ரெசின் லிட்டருக்குச் சுமார் 20 கிராம் எடுக்கும், 12 லிட்டர் ரெசின் போதும். ஹோட்டல் போர் தண்ணீர் 400 காட்டினால் 80 லிட்டர் ரெசின். அப்போ முன்னால் ஆர்ஓ வைக்காமல் கட்டாது. வெளியே வரும் தண்ணீர் 10-க்கு மேல் போனால் காய்ந்ததும் புள்ளி தெரியும்.

மேட்டுப்பாளையம்_துப்புரவு

ரொம்ப நன்றிங்க. மேனேஜரிடம் 9.60 சொன்னேன். இன்னொருத்தர் ஒற்றைக் கயிற்றில் 5 ரூபாய்க்கு முடிக்கிறாராம். ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை’ என்பதிலும் பிடிவாதமாக இருக்கிறார்: ஏப்ரல், அக்டோபர் என்று தேதியே குறித்து வைத்திருக்கிறார். இரண்டாவது தடவைக்கும் இதே விலையா?

ரெட்டைக்கயிறு

ஒற்றைக் கயிறுக்காரருடன் விலையில் போட்டி போடாதீங்க. அவர் கணக்கில் மேற்பார்வையாளர் இல்லை, மீட்பு இல்லை, காப்பீடும் பெரும்பாலும் இருக்காது. மேனேஜரிடம் நாலு தாள் மட்டும் கேக்கச் சொல்லுங்க: ஆங்கர் சோதனை, ஆட்களின் பயிற்சிச் சான்று, ஹார்னஸில் ஐஎஸ் 3521 (இந்தியத் தர எண்) முத்திரை, பணியாளர் இழப்பீட்டு பாலிசியில் உயர வேலை சேர்ந்திருப்பதற்கான வரி. கடைசித் தாளை உங்க பாலிசியிலும் பாருங்க, சில பாலிசியில் உயரத்துக்கு வரம்பு போட்டிருப்பாங்க.

குளிர்காத்து

ஏப்ரல், அக்டோபர் இரண்டுமே தப்பு.

ஏப்ரல்–மே சீசன். ரூம் நிறைந்திருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஆள் தொங்கினால் விருந்தாளி கத்துவார். கோடை மழை மதியத்தில் கொட்டும். குன்னூர் வழியாக ஏற, கோத்தகிரி வழியாக இறங்க என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள், ஒரு சாமான் மறந்தால் அரை நாள் போச்சு. டிஎன் 43 (நீலகிரி) பதிவு இல்லாத வண்டிக்கு இ-பாஸ் வேறு எடுக்கணும். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கேத்தி சரிவுகளில் அதுதான் பெரிய மழை. அந்த மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கல் எங்கே போதும்? வாரம் முழுக்க ரூமில் உட்கார்ந்து பேட்டா கொடுக்கணும்.

முதல் பெரிய கழுவல் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் பாதி. வானம் தெளிவு, உறைபனி குறைந்திருக்கும், சீசனுக்கு முன் கட்டடம் பளிச்சென்று இருக்கும். அப்போது அடிக்கும் மருந்து ஜூனில் வரும் பாசியையும் கொஞ்சம் தடுக்கும். இரண்டாவது டிசம்பர் நடுவில், மழை ஓய்ந்து கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்குள். இடைவெளி சமமாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். டிசம்பரில் விடியற்காலை குழாயில் நிற்கும் தண்ணீர் உறையலாம். முந்தின சாயங்காலமே பம்ப், ஹோஸ், ரெசின் தொட்டி எல்லாவற்றையும் வடித்துவிடணும். வெந்நீர் ஊற்றி உருக்கலாம் என்று எவராவது கண்ணாடிப் பக்கம் போனால் தடுங்க, உறைந்த கண்ணாடி விரிசல் விடும்.

ஞாயிறு மதியம் ஏறி ஆங்கர், தார்பாய், திங்கள் முதல் வெள்ளி வேலை, சனி ஒதுக்கல். பள்ளத்துப் பக்கம் சில நாள் மூடுபனி மதியம் இரண்டுக்கு மேல் ஏறி வரும், மேலிருந்து பார்த்தால் கீழ் ஆள் தெரியாத அளவு வந்தால் கயிறு நிறுத்தம். அதனால் கயிறு வேலை முடிந்தவரை முன்பகலில், கம்பு வேலை எந்நேரமும்.

யாரும் சொல்லாதது ஒன்று: மலைத்தேனீ. ஸ்லாப் விளிம்பு, சன்ஷேட் அடி என்று தொங்கும். தரையில் இருப்பவன் ஓடலாம், கயிற்றில் இருப்பவன் ஓட முடியாது. விலை கொடுக்கப் போகும்போது ஒரு தடவை, வேலைக்கு இரண்டு நாள் முன் ஒரு தடவை, பைனாகுலர் வைத்து மேற்குச் சுவர் முழுக்கப் பாருங்க. கூடு இருந்தால் அந்தச் சுவரில் தேதியே கொடுக்காதீங்க. தீயணைப்புத் துறையிடம் சொல்வதும் அப்புறப்படுத்துவதும் ஹோட்டல் பொறுப்பு என்று எழுதுங்க. புகை போட்டு நீங்களே விரட்டலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். விடியலில் சாமான் இறக்கும்போது கீழ்ப் பாத்திப் பக்கம் காட்டெருமை நிற்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்க.

கணக்கு_நோட்டு

இரண்டாவது தடவை இதே விலை கிடையாது, பாதியும் கிடையாது. டிராப்புக்கு முக்கால் மணி, இரண்டு பேர் 16 டிராப், 2 நாள். தரையில் கண்ணாடி மணிக்கு 450, ஏசிபி 400: 21 ஆள்மணி, அதுவும் 2 நாள். முன் ஒன்று, பின் ஒன்று சேர்த்து 4 நாள். கூலி 42,400, பேட்டா 8,400, ரூம் 12,000, வண்டி அதே 9,000, தேய்மானம், மருந்து, காப்பீடு ஒவ்வொன்றும் 3,000. கூட்டினால் 80,800. அதே 12, அதே 20 சதவீதம் போட்டால் 1,08,600. சதுர அடிக்கு 5.60 ரூபாய் சொச்சம்.

மேனேஜர் சொன்ன 5 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது பாருங்கள். இரண்டு விலையையும் ஒரே தாளில் வையுங்கள்: முதல் கழுவல் 1,85,300, அதன்பின் ஒவ்வொன்றும் 1,08,600. கழுவலுக்கு இடையே 10 மாதத்துக்கு மேல் போனால் மறுபடி முதல் விலை என்று ஒரு வரி. சராசரி போட்டு இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், முதல் கழுவலோடு அவர் ஒப்பந்தத்தை நிறுத்தும்போது 38,000 ரூபாய் உங்கள் கையைக் கடிக்கும்.

பணம்: ஆங்கர் சோதனை முடிந்ததும் 40 சதவீதம், மேற்குச் சுவர் முடிந்த அன்று 40, அளவுத் தாளில் கையெழுத்தாகி 7 நாளில் 20. ஒதுக்கிய ஒரு நாளைத் தாண்டி மழையால் நின்றால், ஒரு நாளுக்குக் கூலி, பேட்டா, ரூம் மட்டும், லாபம் இல்லாமல்: 10,600, 2,100, 3,000, ஆக 15,700. லாபம் சேர்க்கவில்லை என்பது தெரிந்தால் இந்த வரியில் யாரும் வாதாடுவதில்லை. ஹோட்டல் நிறுவனமாக இருந்தால் பில்லில் வருமான வரி பிடிப்பார்கள், தனிநபர் பெயரில் நீங்கள் இருந்தால் 1 சதவீதம், கூட்டு நிறுவனம் என்றால் 2. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டினால் பிடித்தம் அதன் மேல் வராது.

தொடங்கும் முன் மேற்குப் பக்க ரூம் ஒவ்வொன்றிலும் ஜன்னல் ஓரம், சீலிங் மூலை போட்டோ எடுத்துத் தேதியோடு மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள். பழைய ஈரக்கறை எல்லாம் உங்கள் கணக்கில் எழுதப்படுவது அதோடு நின்றுபோகும்.